சின்ன மாத்திரையும் பெரிய மாத்திரையும்

செருப்பை வெளிய விடாதீங்கம்மா, சாரல்ல நனைஞ்சு போவும். உள்ளயே போடுங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இங்கன என் பக்கத்துல உக்காருங்க. என்ன பேரு சொன்னீங்க? கயல்விழியா. மதுரையில சங்கமித்ரா மேடத்துக்கிட்ட ஆராய்ச்சி படிக்கீங்க. சரி சரி.

எங்க வீட்டுக்காரவியளுக்கு வணக்கம் சொன்னீங்க, பதில் வரலையேன்னு நினைக்காதீங்க. காது நல்லாக் கேக்கும். நாம பேசுறது எல்லாம் விளங்கும். வாய்தான் வராது, உடம்புதான் அசையாது. பாருங்க, கண்ணை மட்டும் உங்க பக்கம் திருப்பிட்டாவ. ஆள் வந்தா இவியளுக்குச் சந்தோசம். எனக்குத்தான் பிடிக்காது. உங்களைச் சொல்லலம்மா.

போன வருசம் மேடம் பாத்தப்ப நடந்தாவளே, பேசினாவளே, இப்பம் ஏன் இப்படின்னுதான கேக்கீங்க? நடந்தாவ. எங்க நடந்தாவன்னு கேளுங்க. உங்க மேடம் பாதியைத்தான் எழுதியிருப்பாவ. நான் முழுசாச் சொல்லுதேன். வச்சு வச்சு எனக்கும் நெஞ்சு கனக்கு.

இவிய பேரு எபனேசர். அது உங்களுக்கே தெரியும். கரண்டு ஆபீஸ்ல போர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவிய. கல்யாணம் ஆன மாசத்துல இருந்து சம்பளக் கவரைப் பிரிக்காம என் கையில குடுத்தவிய. பஸ்ஸுக்குக்கூட என்கிட்டதான் கேட்டு வாங்குவாவ. மிச்சச் சில்லறையைத் திருப்பிக் குடுப்பாவ. அப்படி ஒரு ஒழுக்கம். நான்தான் பழக்கி வச்சிருந்தேன். சிகரெட் கிடையாது, சீட்டுக்கட்டைக் கையால தொட்டது கிடையாது. எங்க வேதக்கோயில் சபையில எங்க ரெண்டு பேருக்கும் ஒரு மரியாதை உண்டு. ‘ரத்தினபாய் புருசனைப் பாருங்கடே’ன்னு மத்த பொம்பளைய தங்க வீட்டு ஆம்பளைகிட்டச் சொல்லுவாளுவ. என் காதுபடவே சொல்லுவாளுவ.

முதல்ல நடுக்கம் வந்ததுகூட கோயில்லதான். திருவிருந்துல திராட்சரசக் கிண்ணத்தை வாங்கும்போது வலது கை ஆடி வெள்ளைச் சட்டையில சிந்திட்டு. நான் முறைச்சேன். இவிய கையைப் பாத்துக்கிட்டே நிக்காவ, ஏதோ அடுத்தவன் கை மாதிரி. திருநவேலிக்குக் கூட்டிட்டுப் போனோம். பார்கின்சன்னு சொன்னாவ. மூளையில டோபமைன்னு ஒரு சரக்கு ஊறுமாம், இவியளுக்கு அது வத்திப்போச்சாம். மஞ்சளா ஒரு பெரிய மாத்திரை, மூணு வேளை. கொஞ்ச மாசம் போனபெறவு, அது பத்தலைன்னு வெள்ளையா பொடிசா இன்னொரு மாத்திரை.

அந்தச் சின்ன மாத்திரை உள்ள போன பெறவுதான் வீட்டுல கூத்து ஆரம்பிச்சுது.

முதல்ல பாட்டு. குளிக்கும்போது பாட்டு. ஆயுசுல பாடாத மனுசன். பெறவு சாயங்காலம் வெளிய போனா மல்லிகைப்பூ. எனக்கு! இந்த வயசுல! அண்டை அயல் என்ன நினைக்கும்? ஒருநாள் ஒரு சேலை எடுத்துட்டு வந்து நிக்காவ, ரோஸ் கலர்ல, ஜரிகை போட்டு. ‘ஏளா ரத்தினம், இத்தனை வருசத்துல உனக்கு நானா ஒண்ணும் எடுத்துத் தரலையே, கட்டிட்டு வா, குத்தாலத்துக்குப் போயிட்டு வருவோம்’னாவ. ‘குத்தாலத்துல என்ன இருக்கு, தண்ணிதான விழுது’ன்னேன். ‘விழட்டும்ளா, நாம ரெண்டு பேரும் நின்னு பாப்போம்’னு சிரிக்காவ. மறுநாளே சேலையைக் கடையில திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டேன். இவிய முகம் சுருங்கிப் போச்சு.

அப்பமே நான் உசாரா இருந்திருக்கணும். ஆம்பளைக்குக் காரணம் இல்லாம சிரிப்பு வந்தா அதுல ஒரு காரணம் இருக்கு.

நம்ம பக்கம் லாட்டரி கிடையாதுல்லா. ஆனா நம்ம செங்கோட்டைக்காரங்களுக்கு அது ஒரு தூரமா? புளியரை தாண்டி மலை ஏறினா ஆரியங்காவு, கேரளா. பஸ் இறங்கின இடத்துலயே கடை. ‘டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காவ, நடந்துட்டு வாரேன்’னு கிளம்பிருவாவ. சோத்துக்கு வர மாட்டாவ. மத்தியானக் குலுக்கல் முடியுற வரைக்கும் அங்கன டீக்கடையில உக்காந்து இருந்துட்டு வருவாவ. வந்ததும் வராததுமா, ‘ஒரே ஒரு நம்பர்ல போச்சு ரத்தினம்! ஒரே ஒரு நம்பர்!’ முகத்துல அப்படி ஒரு வெளிச்சம். பரிசு விழுந்தவனுக்குக்கூட அப்படி இருக்காது.

திட்டினேன். பெறவு என்கிட்டச் சொல்லுறதை விட்டுட்டாவ. போறதை விடல. அது பத்தாதுன்னு போன்ல ரம்மி. கழிப்பறைக்குள்ள போனா வெளிய வர மாட்டாவ. கதவைத் தட்டினா, ‘இந்தா, இந்தா’ன்னு குரல் வரும், ஆள் வராது.

இலஞ்சிப் பக்கம் எங்களுக்கு ஒரு இடம் உண்டு. ரெண்டு புளியமரம், ஒரு நெல்லி. வயசான காலத்துல அங்கன சின்னதா ஒரு வீடு போட்டு இருந்துக்கிடலாம்னு வாங்கினது. புளி உலுத்துற சமயத்துல நான் சாக்கை எடுத்துட்டுப் போனேன். போனா, எவனோ ஒருத்தன் கல்தூண் நட்டுக்கிட்டு இருக்கான். சுரண்டைக்காரனாம். நான் குனிஞ்சு பழம் பொறுக்குதேன், அவன் கிட்ட வந்து, ரொம்ப மரியாதையாத்தான், ‘யாரும்மா நீங்க? எங்க இடத்துல என்ன பொறுக்குதீங்க?’ன்னான்.

இவிய பேர்ல இருந்த இடம். வித்துட்டாவ. வித்ததுல ஒரு காசு மிச்சம் இல்ல.

அன்னைக்குக் கை நீட்டினேன். ஆமா, பொய் எதுக்கு. ஒரு அடிதான். கூட ரெண்டு இருக்கும். இவிய தடுக்கவே இல்ல. அந்தச் சுவத்துல சாஞ்சு நின்னுக்கிட்டு அழுதாவ. ‘பஸ் ஹாரன் கேட்டா உள்ள என்னமோ ஆவுது ரத்தினம். கால் தானாப் போவுது. நான் போகல, அது போவுது’ன்னாவ. என்ன பேச்சு பாருங்க. சோத்துக்கு உக்காரப் போறதுக்கு ஆடுற கால், லாட்டரிக் கடைக்கு மட்டும் நேரா நடக்குமா? ‘இந்தப் பேச்சை சபையில வந்து பேசுங்க’ன்னேன்.

போதகர் ஒத்துக்கிடல. ‘வேண்டாம்மா, வீட்டுக்குள்ள பேசி ஜெபம் பண்ணிக்கிடுவோம்’னாவ. நான் விடல. பாவத்தை வீட்டுக்குள்ள பூட்டி வைக்கவா முடியும்? ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு அறிவிப்பு வாசிக்கிற நேரத்துல இவிய எழுந்து போய்ச் சொல்லணும்னு ஏற்பாடு. என்ன சொல்லணும்னு வாரம் பூரா நானே சொல்லிக் குடுத்தேன். ‘நான் சூதாடினேன். என் மனைவியையும் பிள்ளையையும் ஏமாத்தினேன். நான் திருடன்.’ கடைசி வார்த்தையில இவியளுக்கு நாக்கு நின்னு நின்னு போச்சு. அதனால அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வச்சேன்.

அந்த வாரம் எனக்கு எப்படி இருந்துச்சுங்கீங்க? சோறு இறங்கல. தூக்கம் வரல. எப்படா ஞாயித்துக்கிழமை வரும்னு நெஞ்சு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அது ஒரு மாதிரி, சொல்லத் தெரியல, நல்லாவும் இருந்துச்சு. ஊறுகாயை நினைச்சா வாயில தண்ணி வருமே, அப்படி.

ஞாயித்துக்கிழமை இவிய எழுந்து போனாவ. மைக்கைப் பிடிச்ச கை ஆடுது. மைக் நெஞ்சுல இடிச்சு ஸ்பீக்கர்ல டொக்கு டொக்குன்னு சத்தம். முன்னால பாய்ல இருந்த பிள்ளைய சிரிக்கு. இவிய சொல்லி முடிச்சாவ. ஒரு வார்த்தை விடல, நான் சொல்லிக் குடுத்த அத்தனையும். நான் முதல் வரிசையில இருந்தேன்.

ஆனா முடிஞ்ச உடனே எனக்குச் சப்புன்னு ஆயிட்டு. அவ்வளவுதானான்னு இருந்துச்சு. வீட்டுக்கு வந்தா திரும்பியும் நெஞ்சு கிடந்து தவிக்கு. அதனால மறுவாரம் பெண்கள் சங்கத்துல நிக்க வச்சேன். அங்கன எல்லாரும் எனக்குத் தெரிஞ்ச பொம்பளைய. பெறவு மக வீட்டுல, சம்பந்தகாரங்க முன்னால. பேரனைத் தூக்க வந்த கையைத் தட்டிவிட்டு, ‘முதல்ல சொல்லுங்க, பெறவு தூக்கலாம்’னேன். சொன்னாவ. சொன்ன பெறவும் பெனிட்டா மாமியார் பிள்ளையைத் தரல. அது அவிய தப்பு, என் தப்பா?

பெனிட்டா எங்க மக. ஒத்தப் பிள்ளை. அப்பா செல்லம். அவதான் எனக்குத் தெரியாம இவியளைத் திருநவேலிக்குக் கூட்டிட்டுப் போய் டாக்டர்கிட்ட அழுதிருக்கா. ‘எங்க அப்பா இப்படிப்பட்டவிய இல்லையே டாக்டர், திடீர்னு ஏன் இப்படி’ன்னு. அந்த டாக்டர் சின்ன மாத்திரைச் சீட்டைப் பாத்திருக்காவ, ‘எப்ப இருந்து ஆரம்பிச்சுது’ன்னு கேட்டிருக்காவ. கேட்டுட்டு, மதுரையில ஒரு அம்மா மூளை ரசாயனத்தையும் சூதாட்டத்தையும் பத்தித்தான் ஆராய்ச்சி பண்ணுதாவ, போய்ப் பாருங்கன்னு அனுப்பி வச்சிட்டாவ. நானும் போனேன். இவியளைத் தனியா விட முடியுமா?

உங்க ஆபீஸ் நல்லாத்தான் இருந்துச்சு. குளுகுளுன்னு. உங்க மேடம் ஒல்லியா, முடியை ஒட்ட வெட்டிக்கிட்டு, ஒரு பொட்டுத் தங்கம்கூட இல்லாம. இவிய தலையில வயர் வயரா ஒரு தொப்பியை மாட்டி, கம்ப்யூட்டர் முன்னால உக்கார வச்சாவ. ரெண்டு சீட்டுக்கட்டு. ஒண்ணுல கொஞ்சம் கொஞ்சமா வரும், கொஞ்சமாப் போவும். இன்னொண்ணுல அள்ளிக் குடுக்கும், மொத்தமாப் பிடுங்கும். இவிய எதைத் தொட்டாவன்னு நீங்களே சொல்லுங்க. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பாக்கேன், இவியளுக்கு அதே வெளிச்சம் முகத்துல. என் முன்னால, ஒரு ஆபீஸ்ல, நாற்காலி போட்டுக் குடுத்து என் புருசனைச் சூதாட விடுதாவ!

பெறவு மேடம் என்கிட்ட ஒரு கேள்வி கேட்டாவ. ‘ஒரு நம்பர்ல போச்சுன்னு வருவாரே, அப்ப வருத்தமா இருப்பாரா, சந்தோசமா இருப்பாரா?’ ‘ஜெயிச்ச மாதிரி இருப்பாவ’ன்னேன். மேடம் பக்கத்துல இருந்த ஆளைத் திரும்பிப் பாத்தாவ. கண்ணு மின்னுது. என் வீடு பத்தி எரியுது, இந்தம்மா தீ என்ன நிறம்னு பாக்காவ.

என்னையும் ஒரு ஆட்டம் ஆட வச்சாவ. வீட்டு ஆளையும் பாக்கணுமாம், ஒப்பிட்டுப் பாக்க. எனக்கு எதுக்குன்னேன். சூது இல்லம்மா, இது நியாயத்தைப் பத்தின ஆட்டம்னாவ. சரின்னு உக்காந்தேன். எனக்குக் கொஞ்சம் புள்ளி. இன்னொரு ரூம்ல ஒரு ஆள், அவனுக்குக் கொஞ்சம் புள்ளி. ரெண்டு பேரும் பங்கு போடணும். அவன் ஏமாத்தினா நான் அவனைத் தண்டிக்கலாம். ஆனா தண்டிக்கணும்னா என் புள்ளியில இருந்து விட்டுக் குடுக்கணும். சும்மா விட்டுட்டா என்னோடது எனக்கு. முதல் தடவை ஏமாத்தினான். நான் அழுத்தினேன். அவன்கிட்டக் குறையுது. பெறவும் ஏமாத்தினான். பெறவும் அழுத்தினேன். என்னோடது தீருற வரைக்கும் அழுத்தினேன். கடைசியில என்கிட்ட ஒண்ணும் இல்ல, அவன்கிட்டயும் ஒண்ணும் இல்ல. ‘இன்னும் அழுத்தலாமா’ன்னு கேட்டேன்.

மேடம் பேனாவை எடுத்து என்னமோ குறிச்சுக்கிட்டாவ. ‘எப்படி இருந்துச்சும்மா?’ன்னாவ. ‘நல்லா இருந்துச்சு’ன்னேன். என் நேர்மையைப் பாத்து அசந்து போயிட்டாவன்னுதான் நினைக்கேன். அதுக்குமேல ஒண்ணும் கேக்கல.

பெறவு எங்க எல்லாரையும் உக்கார வச்சு விளக்கினாவ. ஆசை வேற, அனுபவிக்கிறது வேறயாம். டோபமைன் ஆசைக்கு. ஜெயிச்ச பெறவு அது அடங்கிருமாம். ஜெயிக்கப் போறோம், இந்தா வரப்போவுதுங்கிற அந்த நேரத்துலதான் அது பொங்குமாம். அதனாலதான் ஒரு நம்பர்ல போனாலும் மனசுக்குத் திரும்பவும் வேணும்னு இருக்குமாம். சின்ன மாத்திரை கையைக் காலை அசைக்கத்தான் குடுத்தது. ஆனா அது அங்க மட்டும் நிக்காம ஆசை இருக்கிற இடத்துலயும் போய்க் கொட்டிருச்சாம். எல்லாருக்கும் இப்படி ஆவாது, சில பேருக்கு ஆவும். யாருக்கு ஆவும், ஏன் ஆவுங்கிறதுதான் மேடத்தோட ஆராய்ச்சி. இப்படி ஆனவங்க எத்தனையோ பேரை அவிய பாத்திருக்காவளாம். சாமியார் மாதிரி இருந்த மனுசன் சீட்டாட்டத்துல வீட்டை விட்டிருக்கானாம்.

சொல்லிட்டு, இவிய பக்கம் திரும்பி, இவிய கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘சார், இது உங்க தப்பு இல்ல’ன்னாவ.

அந்த ஒரு வார்த்தையை நான் மன்னிக்க மாட்டேன்.

இவிய அப்படியே மேசை மேல தலையைக் கவுத்துட்டாவ. முதுகு குலுங்குது. பெனிட்டா ஓடிப் போய்க் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அப்பா அப்பான்னு அழுதா. நான் ஒருத்தி அங்கன இருக்கேன்னு ஒருத்தர்கூடத் திரும்பிப் பாக்கல. இடம் போனது எனக்கு. புளியமரத்தடியில எவனோ ஒருத்தன் முன்னால சாக்கோட நின்னது நான். தப்பு இல்லையாம். அப்பம் யார் தப்பு? மாத்திரை தப்பா? மாத்திரையைக் கொண்டுபோய்ச் சபையில நிறுத்த முடியுமா?

அங்க இருந்த டாக்டர் சின்ன மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு நிறுத்தினாவ. பெரிய மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினாவ. அடங்கிப் போச்சும்மா. இல்லைங்கல. மழை விட்ட மாதிரி. பஸ் போவும், இவிய பாட்டுக்குப் பேப்பர் வாசிச்சுக்கிட்டு இருப்பாவ. போனை என் கையில குடுத்துட்டாவ. பாட்டும் போச்சு, பூவும் போச்சு. பழைய ஆள் திரும்பி வந்துட்டாவன்னு நானும் நிம்மதியாத்தான் இருந்தேன். நடந்தாவ, பேசினாவ, தோட்டத்துக்குத் தண்ணி விட்டாவ. மேடம் ஒருக்க வந்து பாத்தது அப்பதான்.

வந்த மேடம் சும்மா இருக்கலாம்லா? ‘நான் வேணா உங்க சபைக்கு வந்து இந்த நோயைப் பத்திப் பேசட்டுமா? சாருக்கு நல்லது’ன்னாவ. ‘எங்க சபைக்கு நீங்க எதுக்கு’ன்னு காப்பியைக் குடுத்து அனுப்பி வச்சிட்டேன். ஆனா இவிய மனசுல விதை விழுந்துட்டு. ஒருநாள் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது, ‘ரத்தினம், அது மருந்தால வந்ததுன்னு கோயில்ல ஒரு வார்த்தை சொல்லணும். நீ சொல்லுதியா?’ன்னாவ.

‘நான் எப்படிச் சொல்லுவேன்?’

‘சரி, நான் சொல்லுதேன்.’

‘என்னன்னு சொல்லுவீங்க?’

‘நான் திருடன் இல்லைன்னு.’

யோசிச்சுப் பாருங்கம்மா. அத்தனை பேர் முன்னால நான் நிக்க வச்சது. பெண்கள் சங்கத்துல நிக்க வச்சது. இப்பம் இவிய எழுந்து ‘மருந்துதான் காரணம்’னா, எல்லாரும் யாரைப் பாப்பாவ? என்னைப் பாப்பாவ. ‘சீக்காளி மனுசனை இப்படியாட்டி பண்ணினே’ம்பாளுவ. இவிய பாவி ஆகாம போனா நான் பாவி. ரெண்டுல ஒண்ணு. அந்தக் கணக்கு இவியளுக்குத் தோணவே இல்ல. தன் பேரு நல்லா இருந்தாப் போதும். சுயநலம். கட்டின பொண்டாட்டியைப் பத்தி ஒரு நிமிசம் நினைக்கல.

ஞாயித்துக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டாவ. பட்டனை அவியளே மாட்டினாவ. ‘மாத்திரை குடுளா’ன்னு கையை நீட்டினாவ.

நான் குடுக்கல.

மறந்துட்டேன்னு பெனிட்டாகிட்டச் சொன்னேன். உங்ககிட்டச் சொல்லுறதுக்கு என்ன, மறக்கல. ‘கோயில் விட்டு வந்து போட்டுக்கிடலாம், வெறும் வயித்துல வேண்டாம்’னேன். என்கிட்ட மறுத்துப் பேசிப் பழக்கம் கிடையாதே, சரின்னு வந்தாவ. போகும்போது நல்லாத்தான் நடந்தாவ. பாட்டு முடிஞ்சு, பிரசங்கம் முடியுறதுக்குள்ள முந்தின வேளை மருந்தோட வேகம் தீர்ந்து போச்சு. பக்கத்துல இருந்து எனக்குத் தெரியுது. முதல்ல விரல். பெறவு முழங்கை. முகம் சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி ஆயிட்டு. அறிவிப்பு வாசிக்கிறாவ. இவிய எழுந்திருக்கப் பாக்காவ. முன் பெஞ்சைப் பிடிச்ச கை பிடிச்சபடி இருக்கு, உடம்பு வரல. வாயைத் திறக்காவ, சத்தம் வரல. கண்ணு மட்டும் என்னைப் பாக்கு. நான் பாட்டுப் புஸ்தகத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன். ‘வேற அறிவிப்பு உண்டா?’ன்னு போதகர் கேட்டாவ. யாரும் எழுந்திருக்கல. ஜெபத்தோட முடிஞ்சுது.

நாலு ஆள் தூக்கித்தான் ஆட்டோவுல ஏத்தினோம். அன்னைக்கு எல்லாரும் என்னை எப்படிப் பாத்தாவ தெரியுமா? ‘ரத்தினபாய் அக்கா, எவ்வளவு பொறுமை உங்களுக்கு’ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாளுவ. ரொம்ப நாள் கழிச்சு அன்னைக்குத்தான் எனக்கு நெஞ்சு அடங்குச்சு.

அப்பம்தான் எனக்கு விளங்குச்சு. சின்ன மாத்திரைதான் கெட்டதுன்னு மேடம் சொல்லுதாவ. எனக்கு என்னமோ ரெண்டும் ஒண்ணாத்தான் படுது. அதுவும் டோபமைன்தான, இதுவும் டோபமைன்தான? எது உள்ள போனாலும் இவியளுக்கு ஆசை வருது. லாட்டரி வேணும், இல்லைன்னா சபையில பேசணும். அதனால நான் குறைச்சுட்டேன். மூணு வேளைக்கு ஒரு வேளை. அதுலயும் பாதி. விழுங்குறதுக்கு முடியணும்லா, அதுக்கு மட்டும்.

அதுல இருந்து ஒரு தொந்தரவு கிடையாது. வச்ச இடத்துல இருக்காவ. ஊட்டினாச் சாப்பிடுதாவ. நான் ஊட்டுதேன், துடைக்கேன், திருப்பிப் படுக்க வைக்கேன், வேதம் வாசிச்சுக் காட்டுதேன். ஒரு குறை வச்சேனான்னு கேளுங்க. கண்ணுல தண்ணி வடியுதேன்னு பாக்காதீங்க, அது நோய். கண்ணைச் சிமிட்ட முடியாதுல்லா, அதான் வடியுது. அப்படித்தான் நான் நினைக்கேன்.

என்ன, எழுந்திட்டீங்க? உக்காருங்க, காப்பி போடுதேன். வேண்டாமா?

இவியளை மதுரைக்குக் கூட்டிட்டுப் போகவா? யாரு சொன்னா? பெனிட்டாவா வரச்சொன்னா? ஓஹோ. கார் தெருமுனையில நிக்குதா? அப்பம் பஸ்ல வரல நீங்க. நான்தான் கூறுகெட்டுப் போய் உங்களை நம்பி எல்லாத்தையும் சொல்லிக்கிட்டு இருக்கேன். பத்து நாள் ஆஸ்பத்திரியில வச்சு மாத்திரையைச் சரியாக் குடுத்தா எழுந்து நடப்பாவளா? பேசுவாவளா? தெரியும்மா. அது எனக்குத் தெரியாதா? அதுக்குத்தான வேண்டாங்கேன்.

முடியாது. நான் கட்டின பொண்டாட்டி. நான் சரின்னாத்தான் இவிய இந்த வாசலைத் தாண்ட முடியும். நான் சரின்னு சொல்லல. யாருகிட்ட வேணா போய்ச் சொல்லுங்க. இந்தத் தெருவுல போய் ரத்தினபாய் எப்படிப்பட்டவன்னு கேளுங்க. போதகர்கிட்டக் கேளுங்க. சூதாடி இடத்தை அழிச்ச புருசனைக் கைப்பிள்ளை மாதிரி வச்சுக் காப்பாத்துதான்னுதான் சொல்லுவாவ. என் வாயால சொன்னேன்னு சொல்லுவீங்களா? நான் எப்பம் சொன்னேன்?

அங்கன எதுக்கு முட்டி போட்டு உக்காருதீங்க? இவியகிட்ட என்ன கேக்கீங்க? ‘சார், எங்ககூட மதுரைக்கு வாரீங்களா’ன்னா? நல்லாக் கேளுங்க. சத்தமாவே கேளுங்க. பதில் வரணும்லா. நீங்க பாட்டுக்கு இருங்க. பொழுது சாயட்டும். நானும் இருக்கேன்.

விடுங்கம்மா அந்தக் கையை. என்னத்துக்கு அப்படிப் பிடிச்சுக்கிட்டு. உதடு அசையுதா? அது சும்மா துடிக்கும்.

ஏங்க, என்னங்க? என்ன? இவிய என்னமோ சொல்லுதாவளே. இருங்க, இருங்க, நான் கேக்கேன். ஒதுங்குங்க. சொல்லுங்க.

‘வா… ரேன்.’

வாரேன்னா?

ஐயோ பாவம். பாத்தீங்களா, புத்தி எந்த அளவுக்குப் போயிட்டுன்னு. விருந்தாளி கிளம்பும்போது யார் வாரேன்னு சொல்லணும்? வந்தவங்கதான சொல்லணும்? வீட்டுல இருக்கவிய சொல்லுதாவ. இதுகூட மாறிப் போச்சு இவியளுக்கு.

நீங்க சொல்லுங்கம்மா. வாரேன்னு சொல்லிட்டுக் கிளம்புங்க. சாரல் விட்டுட்டு, செருப்பு அந்தா இருக்கு.